குடுவைக்குள் விழுந்த மூச்சு

கென்யா மலைமேல் உள்ள காற்று ஆய்வு நிலையத்தில் பதினொரு நாளாக நான் மட்டும்தான். வாரம் ஒருமுறை மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணாடிக் குடுவையைத் திறந்து காற்றைப் பிடிப்பேன். நம் மூச்சுப் பட்டால் கரியமில வாயுவின் அளவு தப்பாகிவிடும். ஆறு ஆண்டுகளில் ஒரு வாரமும் தவறியதில்லை.

அன்று குடுவையைத் திறந்த நொடியில், கீழே பாதையில் போன சுமைக்காரர் முரியுகி கத்தினார்.

“டாக்டரே, உயிரோட இருக்கீங்களா, வெறச்சுப் போயிட்டீங்களா?”

“இருக்கேன்யா! மேல வா, டீ போடறேன்!” என்று குடுவைக்கு நேராகவே கத்திவிட்டேன்.

“மழை வருது, இன்னொரு நாளைக்கு” என்று அவர் போய்விட்டார்.

அடுத்த குடுவை அடுத்த வாரம்தான் வரும். பதிவேட்டில் ‘பேசிவிட்டேன், செல்லாது’ என்று எழுதினேன். அந்த வாரத்துக் காற்று ஒரு குடுவை, ஆய்வுக்கூடத்துக்கு நான் இன்னும் தர வேண்டியிருக்கிறது.