வர வேணாம்

“வர வேணாம்னுதாண்டி கத்தினேன்!”

இதையே எத்தனை தடவைதான் சொல்லுவார் மனுஷன். முழங்கால் தண்ணியில நிக்கிறார், பல்லு தந்தியடிக்குது, வாய் மட்டும் ஓயல. “‘வேணாம்’ உன் காதுல விழல. தண்ணி சத்தத்துல போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

என் காதுல விழுந்தது வெறும் ‘வா’. கட்டின புருஷன் கீழேயிருந்து கூப்பிடுறாரேன்னு, பையையும் ஷாலையும் மேல வச்சுட்டு, சறுக்குப் பாறையில உக்காந்து தொபுக்கடீர்னு வந்து விழுந்தேன். தண்ணிக்கு வெளிய தலையைத் தூக்கினா, இவர் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு.

நாங்க மாட்டிக்கிட்ட இடத்தைச் சொல்லிடறேன். ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு இடுக்கு. அதுல ஓடுற ஓடை அங்கங்க பாறையைக் குடைஞ்சு குளம் குளமா தேங்கி நிக்குது. மேல இருக்கிற குளங்கள்ல ஜனங்க குளிப்பாங்க, படம் எடுப்பாங்க, திரும்பிப் போயிடுவாங்க. இவர்தான், “இன்னும் கொஞ்சம் கீழ போனா ஆளே இல்லாத குளம் ஒண்ணு இருக்காம், எங்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிற பொண்ணு சொன்னா”ன்னு பாதையை விட்டுக் கூட்டிட்டு வந்தார். ஆளே இல்லாத குளம்தான், சும்மா சொல்லக் கூடாது. சுத்திலும் வழவழன்னு பாறை, குடத்தோட உள்பக்கம் மாதிரி. நாங்க வழுக்கி வந்த பக்கம் முழுக்கப் பாசி, கால் வச்சா திருப்பித் தண்ணிக்குள்ளயே தள்ளுது. எதிர்ப்பக்கம் தண்ணி விளிம்பைத் தாண்டிக் கீழ கொட்டுது. எட்டிப் பார்த்தேன். அடியில பாறை பாறையா கிடக்கு. அங்க குதிச்சா எலும்பைப் பொறுக்கத்தான் ஆள் வரணும்.

இவரோட போன் பாக்கெட்லயே ஜலசமாதி. என்னோடது மேல பையில. தொண்டை கட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் கத்திப் பார்த்தோம். அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கப் போகுது?

“பதறாம உக்காந்து யோசிப்போம்”னார்.

“எங்க உக்கார்றது? சோபா போட்டு வச்சிருக்காங்களா?”

குளத்து ஓரமா தண்ணிக்குள்ள ஒரு திட்டு இருந்துச்சு. ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு நிக்கலாம், அவ்வளவுதான். நான் கொஞ்சம் நகர்ந்தா அவர் விழணும், அவர் தும்மினா நான் விழணும். கல்யாணமான புதுசுலகூட இப்படி ஒட்டிக்கிட்டு நின்னதில்ல. நிக்க நிக்கத் தண்ணி முழங்காலைத் தாண்டிடுச்சு. நான் கவனிச்சேன், சொல்லல. அவரும் கவனிச்சுட்டுத்தான் சும்மா இருந்தார். அடி தெரியுற மாதிரி தெளிவா இருந்த தண்ணி கலங்க ஆரம்பிச்சுது. சருகு வருது, சுள்ளி வருது. மேல எங்கயோ மலையில மழை. எங்க தலைக்கு மேல தெரிஞ்ச துண்டு வானத்துல பளிச்சுனு வெயில் அடிக்குது, அதுதான் கொடுமை. தண்ணி கழுத்துக்கு வர்றதுக்குள்ள வெளிய போகணும். இல்லன்னா அந்த விளிம்பைத் தாண்டித் தண்ணியோட தண்ணியா நாங்களும் போக வேண்டியதுதான்.

வாய் சும்மா இருந்தா பயம் வந்துடும்னு சண்டையைத் தொடர்ந்தேன். தொடர்ந்துட்டே இருக்கும்போதுதான் மண்டையில உறைச்சுது.

இவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இவர் வண்டியில பாடம் முதல்ல பிள்ளைங்களுக்கு இல்ல, பின்சீட்டுல கூட வர்ற அப்பா அம்மாவுக்கு. “யாரும் ‘திரும்ப வேணாம்’, ‘போக வேணாம்’னு கத்தக் கூடாது. நம்ம பேச்சுல வேணாம்ங்கிறது கடைசியிலதான் வருது. ‘திரும்ப’ன்னு காதுல விழுந்ததுமே பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பிடும். வேணாம் வந்து சேர்றதுக்குள்ள வண்டி சாக்கடையில இருக்கும். நிறுத்தணுமா, ‘நில்லு’ன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க.” வருஷக்கணக்கா இதே பாட்டு. பால் பொங்கினாக்கூட அடுப்பைப் பார்த்து ‘நில்லு’ன்னு கத்துற ஆளு. அந்தக் கத்தலுக்குத் தெருவே நின்னுடும்.

இப்பேர்ப்பட்டவர், உசிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்ச நேரத்துல, பொறுமையா இலக்கண சுத்தமா ‘வர வேணாம்’னு சொல்லுவாராமா?

நான் சலவைக் கடை கவுன்டர்ல நிக்கிறவ. கறை எப்படி வந்துச்சுன்னு ஜனங்க அவுத்து விடுற கதையைத் தினமும் கேக்கிறவ. டீ கொட்டிடுச்சும்பாங்க, முகர்ந்து பார்த்தா சாராய நெடி குப்புனு அடிக்கும். யார்கிட்ட விடுறார் இந்தக் கதையை?

“என்னைப் பாருங்க”ன்னேன். பார்க்கல.

“ஏன் ‘நில்லு’ன்னு கத்தல?”

தண்ணியையே பார்த்துட்டு நின்னார்.

“‘வா’ன்னுதான் சொன்னேன்”னார் கடைசியில. “விழுந்ததுமே தெரிஞ்சு போச்சு, ஏற முடியாதுன்னு. நிமிர்ந்து பார்த்தா நீ மேல நிக்கிற. விஷயத்தைச் சொன்னா ஆளைக் கூட்டிட்டு வரேன்னு போயிடுவ. அது வரைக்கும் நான் இங்க தனியா… பயந்துட்டேன்டி. வாய் தானா ‘வா’ன்னுடுச்சு.”

அட பாவி மனுஷான்னு அடிக்கக் கை ஓங்கினேன். அடிச்சா ரெண்டு பேரும் திட்டுலேர்ந்து போயிடுவோம். ஓங்கின கையை அவர் தோள்லயே வச்சுப் பிடிச்சுக்க வேண்டியதாப் போச்சு. இதைவிடக் கேவலம் உண்டா? வாய்க்கு வந்தபடி திட்டணும், ஆனா அவரைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் திட்டணும்.

“நான் மேல இருந்திருந்தா இந்நேரம் கயிறு வந்திருக்கும்யா!” புருஷனை ‘யா’ போட்டுப் பேசற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்னிக்குப் பேசினேன்.

“தெரியும்.”

“ரெண்டு பேரும் இங்கயே போய்ச் சேர்ந்துட்டா ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணுக்கு யாரு?”

“தெரியும்.”

அந்த ‘தெரியும்’லதான் நான் உடைஞ்சு போய் அழுதுட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூடத் தெம்பா இருந்திருக்கும்.

தண்ணி தொடையைத் தாண்டினதும், இவர் கையை நீட்டி மேல காட்டினார். பாறை வெடிப்புலேர்ந்து ஒரு வேர் தொங்குது. “என் தோள்ல ஏறி நின்னா உனக்கு எட்டும். வேரைப் பிடிச்சு அந்த வெடிப்புல கால் வச்சேன்னா மேல போயிடலாம்”னார்.

“நான் போயிடுவேன். நீங்க?”

“என்னை யார் தோள்ல தூக்குறது?”

அவர் சொன்னது சரிதான். ஆனா எனக்கு வேற ஒண்ணு உறுத்துச்சு. “இந்த வேர் எப்பலேர்ந்து உங்க கண்ணுல பட்டுது?”

மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, ஏறுன்னு தோளைக் குனிஞ்சு காட்டினார். எனக்கும் புரிஞ்சு போச்சு. அதுக்குமேல கேக்கல. கேட்டிருந்தா ஏறியிருக்க மாட்டேன், அங்கயே கழுத்தை நெரிச்சிருப்பேன்.

ஏறினேன். என் எடைக்கு அவர் தோள் கிடுகிடுன்னு ஆடுது. அவர் வலது கால் தண்ணிக்குள்ள இல்லாத பிரேக்கை மிதிச்சுட்டே இருக்கு, அந்த உதறல் என் பாதம் வரைக்கும் வருது. வீட்டுல டிவியில கார் ஓடினாக்கூட அப்படித்தான் மிதிப்பார். வேரைப் பிடிச்சேன், நகம் பேர்ந்துது, முழங்கை சிராய்ச்சுது, எப்படியோ மேல புரண்டு விழுந்தேன். வெயில் முதுகுல பட்டுது. அந்த ஒரு நிமிஷம் நான் அவரை மறந்தே போயிட்டேன், பொய் சொல்லல.

அப்புறம் பையைத் தேடி ஓடினேன். போன்ல ஒரு கோடுகூட சிக்னல் இல்ல. பை வாரையும் ஷாலையும் முடிஞ்சு கீழ விட்டுப் பார்த்தேன். அவர் எட்டி எட்டிப் பார்க்கிறார், கைக்குக் கிடைக்கல. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. பாதை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு காவல்காரர் குடிசை உண்டு, காலையில வரும்போது பார்த்தோம். அங்கதான் போயாகணும். போறதுக்கும் வர்றதுக்கும் எவ்வளவு நேரமாகும்னு நெனச்சுப் பார்க்கவே பயமா இருந்துச்சு.

அவர் அண்ணாந்து என்னையே பார்க்கிறார். ‘போகாதே’ன்னு வாய் சொல்லல. கண்ணு சொல்லுது. நான் போறேன்னு தெரிஞ்சா இந்த மனுஷன் பதறிப் பாசியில தாவுவார், வழுக்குவார், போய்ச் சேர்ந்துடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

அதனால நானும் ஒரு கதை விட்டேன். “ஆள் வந்தாச்சு!” ஒவ்வொரு வார்த்தையா கத்தினேன். “கயிறு! எடுக்க! போயிருக்கார்! நான்! இங்கயேதான்! இருக்கேன்!”

“நிஜமாவா?”

“நிஜமா! பேசிட்டே இருங்க! கேட்டுட்டிருக்கேன்!”

ஷாலை பை வார்லேர்ந்து அவிழ்த்து, முனை அவருக்குத் தெரியுற மாதிரி விளிம்புல போட்டேன். நான் அதைப் போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கட்டும். போட்டுட்டு ஓடினேன். கல்லு, முள்ளு ஒண்ணும் தெரியல. ஓடும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கிட்டேதான் ஓடினேன். திட்டறதை விட்டா கால் நின்னுடும் போல இருந்துச்சு.

காவல்காரர் நல்ல மனுஷன், ஒரு கேள்வி கேக்கல. நான் “புருஷன், தண்ணி”ன்னதுமே கயித்தைத் தோள்ல போட்டுட்டு எனக்கு முன்னாடி ஓடினார். திரும்பி வர்றப்ப ஓடை செம்மண் நிறத்துல குதிச்சுட்டு ஓடுது. எனக்கு உசிரே இல்ல. கடைசி வளைவுல காவல்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

குரல் கேட்டுச்சு. இவர்தான் தண்ணி இரைச்சலுக்கு மேல சத்தமாப் பேசிட்டிருக்கார்.

“…பொண்ணுக்கு லீவு விட்டதும் நானே வண்டி சொல்லித் தர்றேன். நீ பின்சீட்டுல உக்கார்ற வேலையே வேணாம், உன் கத்தலுக்கு அவ பயந்துடுவா.” அப்புறம், “நீ அங்க இல்லன்னு எனக்குத் தெரியும்டி. உன் ஷால் அப்பவே காத்துல பறந்து இங்க வந்து விழுந்துடுச்சு. பரவால்ல. போனதுதான் சரி. நீ பேசச் சொன்னியேன்னு பேசிட்டிருக்கேன்.”

விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். நெஞ்சுக்கு மேல தண்ணி. ஷாலைக் கழுத்துல சுத்திக்கிட்டு, பாறையைப் பார்த்துப் பேசிட்டிருக்கார். காவல்காரர் கயித்தை மரத்துல சுத்தி இறக்கினார். கயிறு தோள்ல பட்டதும்தான் நிமிர்ந்தார்.

“பேசினது போதும், கட்டுங்க!”ன்னு கத்தினேன். அழுதுட்டேதான் கத்தினேன்.

இடுப்புல சுத்தினார். விரல் மரத்துப் போச்சு, முடிச்சு விழல. இன்னொரு தடவை சுத்தினார், நழுவிடுச்சு. தண்ணி அவரை விளிம்புப் பக்கம் ஒரு இழு இழுத்துது. கயித்தைப் பல்லால கடிச்சுக்கிட்டு மறுபடியும் கட்டப் பார்க்கிறார்.

திடீர்னு என் முதுகுத் துணியை யாரோ கொத்தாப் பிடிச்சு இழுத்தாங்க. காவல்காரர்.

“எங்கம்மா இறங்குறீங்க? கட்டிக்கிட்டார், பாருங்க!”

பார்த்தேன். கட்டியிருந்தார். ரெண்டு கையாலயும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறி வந்துட்டிருந்தார். என் ஒரு கால் அப்பவும் அந்தச் சறுக்குப் பாறையிலதான் இருந்துச்சு.