அணைய மறுத்த படலம்

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால், அது பெரும்பாலும் படலத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவன் படலம் வளர்ப்பவன், அவள் அதை அளப்பவள். பேரியம், ஸ்ட்ரான்சியம், டைட்டேனியம் எல்லாம் சேர்ந்த ஒரு கலவையைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாகச் சிப்பின் மேல் அவன் படிய வைப்பான். அதற்கு வோல்டேஜ் கொடுத்தால் உள்ளே ஒலி அதிர்வு எழும்பி, வேண்டிய ரேடியோ அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு, மற்றதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். வோல்டேஜை எடுத்துவிட்டால் அந்த ஒன்றுக்கும் கதவு சாத்திவிடும். வடிகட்டியும் அதுவே, சுவிட்சும் அதுவே. அந்தச் சாமர்த்தியத்தை நம்பித்தான் மூன்று அறை கொண்ட அந்தக் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. நடத்துபவள் அவனுடைய அக்கா.

அளவு சரியில்லை என்றால் "சிப்பைத் தொட்டு அளக்கிற உன் ஊசியைத் தொடை" என்பான் அவன். "உங்க படலத்தைப் பாருங்க முதல்ல" என்பாள் அவள். அலைவரிசை உள்ளே வருவதைக் காட்டி அளவுக் கருவியின் திரையில் எழும்பும் மேடு போதவில்லை, போதவில்லை என்று அவள் போட்ட நச்சரிப்பில்தான் அவன் பேரியத்தைக் கூட்டினான். மேடு கிடுகிடுவென்று உயர்ந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

அளப்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. முதலில் வோல்டேஜ் இல்லாமல் ஓர் அளவு, பிறகு ஏற்றி ஓர் அளவு. ஆரம்பத்தில் ஏற்றியதுமே சிப்புகள் பொசுங்கிப்போகும். சாவதற்குள் ஓர் அளவாவது கையில் இருக்கட்டும் என்று வந்த பழக்கம் அது. பொசுங்குவது நின்றபிறகும் பழக்கம் நிற்கவில்லை.

அன்று மாலை, போன் தயாரிக்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் சிப்புகளை வாங்கிப் போக வருவதாக இருந்தது. வாங்கிக்கொண்டால் பிழைப்போம், இல்லாவிட்டால் கதவுக்குப் பூட்டுத்தான் என்று அக்கா பட்டவர்த்தனமாகவே சொல்லியிருந்தாள். காலையில் கடைசிச் சிப்பை அளந்து வோல்டேஜை இறக்கியவள், திரையை அணைக்க மறந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் மேடு அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. ஒயரையே பிடுங்கிப் பார்த்தாள். அசையவில்லை. வேறொரு புதுச் சிப்பை வைத்துப் பார்த்தாள்; வோல்டேஜ் ஏற்றும்வரை அதில் மேடு எழவில்லை. ஏற்றி இறக்கியதும் அதுவும் அடங்க மாட்டேன் என்றது. லேசாகச் சூடாக்கினாள், மேடு படுத்துக்கொண்டது. அவளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பேரியம் கூடிப்போனதால், ஏசி அறையின் குளிரில் படலம் ஒருமுறை வாங்கிய வோல்டேஜை மறக்காமல் பிடித்துக்கொள்கிறது. ஏற்றியபின் இறக்கி அளந்து பார்க்க இத்தனை நாளும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஊசியைப் பற்றிப் பேசவில்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லைங்க."

"சொல்லாதே. வர்றவரு முதல்ல சும்மா பார்ப்பாரு, அப்புறம் ஏத்திப் பார்ப்பாரு, அதோட எழுந்துடுவாரு. அடுத்த தடவைக்குள்ள பேரியத்தைக் குறைச்சிடறேன்."

"போன்ல வெச்சப்புறம்? அணைய வேண்டிய நேரத்துல அணையலைன்னா அலைவரிசையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து பேச்சே கேக்காதே!"

"தெரியும்மா. இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதே."

அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. கோபம் வந்தது, அதைவிடப் பாவமாக இருந்தது. சிப்பை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

மாலையில் வந்தவர் நல்ல மனிதர், அதுதான் வம்பாகப் போயிற்று. குறுக்குக் கேள்வி ஒன்று கேட்டிருந்தாலாவது பதில் சொல்லித் தொலைத்திருப்பாள். அவள் ஏற்றிக் காட்டியதும், "அருமை, இது போதும்மா" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அக்கா சிப்புப் பெட்டியை மேஜைக்கு எடுத்து வந்தாள். மனைவியின் கை வோல்டேஜ் திருகின் மேல் இருந்தது. திருப்பவும் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை. தான் இவ்வளவு கோழை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"சார், ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றான் பின்னால் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்த கணவன். "நீ இறக்கிக் காட்டும்மா."

இறக்கினாள். மேடு இம்மி குறையவில்லை.

"இது இப்ப அணைஞ்சிருக்கணும் சார். அணையலை. என் படலத்துல பேரியம் கூடிப்போச்சு. சரிபண்ண எத்தனை நாளாகும்னு எனக்கே தெரியாது."

வந்தவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். பிறகு அவனுடைய கையைக் குலுக்கி, பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். சரியானதும் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஏண்டா, பெட்டியை அவர் கையில குடுத்தப்புறம் போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா? பணமாவது வந்திருக்குமேடா!"

"குடுத்திருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்க்கா."