பின்னால் வரும் வண்டி

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால், விதித்த நேரக் கணக்கில் ஒரு வேன் ஊர்ந்து வரும். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ அவர் ஏறிவிட வேண்டும். எழுபதைத் தாண்டியவர் ஒருமுறை ஏறிவிட்டால் மறு வருடம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அன்று வேனை ஓட்டியது நான். ஆலை வேலையை ஒரு ராத்திரி ஷிப்டின் பாதியிலேயே உதறிவிட்டு வந்த பிறகு, கிடைத்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசி ஆள், என் மாமனார்.

கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

"அப்பாவ எப்படியாவது ஏத்திடுங்க. போன தடவ ஓடிட்டு வந்து படுத்தவரு ஒரு வாரம் எழுந்திரிக்கவே இல்ல. யாரு பாத்தது? நான்தான். இன்னியோட இந்தக் கூத்துக்கு ஒரு முழுக்குப் போடணும்."

"உங்கப்பா தானா ஏறுவாரா?"

"நீங்க கொஞ்சம் அழுத்தி மிதிங்க."

வீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர், சாலையில் வேறு ஆளாக இருந்தார். செருப்பு அறுந்தவர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து ஓடினார். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. வாயெல்லாம் பல்.

"தாத்தா, பஸ்ஸு இந்தப் பக்கம்!" என்று நிறுத்தத்தில் நின்றவன் கத்தினான்.

"அது வர்றதுக்குள்ள நான் போயிடுவேன், போடா!"

பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தேன். வேனில் ஏற்கெனவே ஏறியிருந்த இரண்டு வாலிபர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் பக்கத்தில் போய் ஹார்ன் அடித்தேன்.

"ஏறுங்க மாமா. நேரம் முடிஞ்சிடுச்சு."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இருக்கே மாப்ள."

"வண்டி வந்துட்டா முடிஞ்சதுன்னுதான் அர்த்தம்."

"வண்டி வந்துச்சா, கொண்டுவந்தீங்களா?"

நான் சாலையைப் பார்த்தேன்.

"அவ சொன்னாளா?"

"உங்க நல்லதுக்குத்தான் மாமா."

"நீங்க பாதில விட்டுட்டு வந்தா நானும் பாதில விடணுமா மாப்ள?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. நெஞ்சில் குத்தியிருந்த பந்தய எண் அட்டையை ஊக்கோடு பிய்த்து ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார்.

"இத ஏத்திக்கிட்டுப் போங்க. அவ கேட்டது இதத்தான்."

சொல்லிவிட்டு ஓடினார். அவரைத் தாண்டிப் போனேன்.

வேன் வந்து சேர்ந்ததும், எல்லைக் கோட்டின் மேல் நின்ற காற்றடைத்த வளைவை இறக்கத் தொடங்கினார்கள். எண் அட்டையை வாங்கிக்கொண்ட பெண், "தாத்தாவால முடியலையா? பாவம்" என்றாள். ஆமாம் என்றேன். மனைவிக்குப் போன் செய்தேன்.

"ஆச்சு."

"அழுதாரா?"

"இல்ல."

அடுப்படியில் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வெந்நீர் போட்டு வைக்கிறேன்" என்றாள்.

மாமனார் வந்தார். தரையில் சுருங்கிக் கிடந்த வளைவின் மேல் ஏறி இரண்டு கைகளையும் தூக்கினார்.

"பெரியவரே, துணிய மிதிக்காதீங்க!" என்றான் ஒருவன்.

அவனைப் பார்த்தும் சிரித்தார். வேனைத் தாண்டினார். என்னையும் தாண்டினார். நிற்கவில்லை. அவர் ஓடிய பாதை வீட்டுக்குப் போகும் வழியும் இல்லை.