மத்தியான மொட்டை

ஆடிக் கிருத்திகை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மத்தியான வேளையில், திருத்தணி அடிவாரத்தில் தன் மொட்டையடிக்கும் கொட்டகையில் கஜபதி சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அம்மையார்குப்பத்து நெசவுக்காரி கோமளவல்லி மகனைத் தூக்கிவந்து, தலையில் போர்த்தியிருந்த துண்டை விலக்கினாள். மொட்டைத் தலை முழுக்கச் சீழ்க்கொப்புளம்.

"நீங்க அடிச்ச மொட்டதாண்ணா. வேண்டுதல்ல ஏதோ கொறை, மறுபடி அடிச்சிகினு வான்னு மாமியா தொரத்துது. இவங்க நைனாவும் வாயத் தொறக்கல."

"இந்தப் புண்ணு மேல கத்தி வெக்க மாட்டேம்மா." கஜபதிக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்த வாரம் இப்படித் திரும்பி வந்த நான்காவது தலை இது. "அதே கத்தி, அதே சந்தனம். காலைல அடிச்ச தலைங்கோ ஆறிப்போவுது. மத்தியானத் தலைங்கோதான் இப்டித் திரும்பி வருது. சந்தனம் கிருமியக் கொல்லும்னு சொல்றாங்க. அப்பறம் எப்டி?"

"நாங்களும் மத்தியானந்தான் வந்தோம்." கோமளவல்லி அவர் பக்கத்திலிருந்த சந்தனச் சட்டியைக் குனிந்து முகர்ந்தாள். முகம் சுளித்தது. "இது எப்பக் கரைச்சது?"

"விடிகாலைல. கெட்டியானா தண்ணி வுட்டுக்குவேன், கொறைஞ்சா புதுசும் சேத்துக்குவேன்."

"நூலுக்குப் போடுற கஞ்சியே காலைல காச்சினா சாயங்காலம் நாறுது. பழசுல புதுசக் கலந்தா அதுவும் கெட்டுடும். ரத்தம் பட்ட கைய இதுல எத்தினி தபா வுட்டீங்க?"

கஜபதி சட்டியைத் தன் பக்கம் இழுத்து முகர்ந்து பார்த்தார். சந்தனத்துக்கும் மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் கிருமியை அடக்கும் குணம் உண்டுதான். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. தண்ணீர் விட விட அது நீர்த்துப்போகும். கை போகப் போகக் கிருமி பெருகும். உச்சிவேளைக்குள் மருந்துச் சட்டியே நோயைப் பரப்பத் தொடங்கிவிடும்.

"கத்தி கழுவுற தண்ணியும் காலைல வெச்சதுதான்" என்றார் மெதுவாக.

"இத நான் போய்ச் சொன்னா வூட்ல எடுபடுமா?"

கஜபதி சட்டியைக் கவிழ்த்தார். "மொதல்ல புள்ளைய ஆஸ்பத்திரில காட்டலாம். அப்பறம் நானே வந்து உங்க மாமியாகிட்ட சொல்றேன். கொறை வேண்டுதல்ல இல்ல, என் சட்டில."

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தலைக்கும் கத்தி கொதிநீரில் கிடந்து வந்தது. கை சோப்பால் கழுவப்பட்டது. சந்தனம் அந்த ஒரு தலைக்கு மட்டும் வாழையிலைத் துண்டில் புதிதாகக் குழைக்கப்பட்டது. மிச்சத்தைக் கொட்டிவிடுவார், வெட்டுப்பட்ட இடத்தில் பூசவே மாட்டார். சுத்தம் இருந்தால்தான் மூலிகை மருந்து.