கலியமூர்த்தி பலகை

எனக்குக் கோபமே வராது. வருகிறது என்று யாராவது சொன்னால்தான் வரும். விருத்தாசலத்தில் இந்தப் பீங்கான் கம்பெனியில் பதினோரு வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். இதுவரை ஒருத்தர்கூட என்மேல் குறை சொன்னதில்லை. மனுஷன் நல்லவன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

என் பிரிவில் ஐந்து பெண்கள். டீ கப்புகளுக்குக் காது ஒட்டுவது அவர்கள் வேலை. சுடாத பச்சைக் கப்பில் குழைத்த மண்ணைத் தடவிக் காதை ஒட்டி, பலகைக்குப் பன்னிரண்டாக அடுக்குவார்கள். காலையில் நான் வரும்போது ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு பலகை தயாராக இருக்கும். ஒவ்வொரு கப்பாகத் தூக்கி, திருப்பி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைப்பேன். நான் நகர்ந்ததும் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் தொப் தொப்பென்று சத்தம் கேட்கும். சுறுசுறுப்பானவர்கள், அடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் பார்த்த கப்பு சூளையில் விரிசல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. மீட்டிங்கில் நானே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆறாவதாக மதிவதனி வந்த பிறகுதான் சரித்திரம் கெட்டது. ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. புருஷன் இல்லை. இந்த வேலையை நம்பி ஆலடி ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளைகள் இரண்டையும் இங்கேயே ஸ்கூலில் சேர்த்திருந்தாள். மூன்று மாதம் முடிந்து, சரி என்று நான் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மூன்று மாதம் முடிகிற சனிக்கிழமையோடு கணக்கு முடிந்தது. புது ஆள் என்பதால் அவளுடைய எல்லாப் பலகையையும் நானே விடாமல் பார்த்தேன். அப்படியும் சூளையிலிருந்து வந்தால் பாதிக் கப்புக்குக் காதடியில் விரிசல். நான் கத்தினேன் என்கிறார்கள். எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்து முதலாளி மகள் பூர்ணிமா என்னைப் புதுச்சேரிக்கு ஒரு நாள் ட்ரெயினிங் அனுப்பிவிட்டார். போன வருடம் வரை பாப்பா, இப்போது மேடம். அங்கே ஏசி ரூமில் தொப்பை இல்லாத ஒருத்தர் பேசினார். ஊழியரிடம் முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும், அப்புறம் குறை, அப்புறம் மறுபடி ஒரு நல்லது. கடைசியில், 'நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?' என்று நாமே கேட்க வேண்டுமாம். பதிலைப் படிவத்தில் எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மேடம் திருப்பி அனுப்பிவிடுவார். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது.

புதன்கிழமை மதிவதனியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன்.

"டைமுக்கு வர்ற. நீ ஒட்டுற கப்பெல்லாம் விரிசல் வுடுது. டிபன் பாக்ஸ சுத்தமா கழுவுற" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சனிக்கிழமையோடு வேலை இல்லை என்று புரிந்துவிட்டது. கண் கலங்கியது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டம் பாக்கி இருந்தது.

"நான் எத மாத்திக்கணும்?"

"ஒன்னுமில்லீங்க சார்."

"ஒன்னுமில்லன்னு எழுத முடியாது. சொல்லு."

"வேணாங்க சார்."

"சொல்லுன்னா சொல்லேன்! கடிச்சா தின்னுடப்போறேன்?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வேலதான் போவப் போவுது, சொல்லிடறன். காதப் புடிச்சித் தூக்காதீங்க சார். பச்ச கப்ப அடியில கை குடுத்துத்தான் எடுக்கணும். நீங்க தூக்கித் தூக்கிப் பாக்குறதுலதான் ஒட்டு வுட்டுப்போவுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரிடம் பேசுகிறாள் இவள்! எனக்கு முன்னாலிருந்தே இங்கே வேலை பார்க்கும் வீராயியைக் கூப்பிட்டேன்.

"பதினோரு வருசமா உங்க கப்பையும் நான்தான தூக்கிப் பாக்குறேன்? ஒன்னாவது விரிசல் வுட்டுருக்கா? நீயே சொல்லு இவளுக்கு."

வீராயி சுவரைப் பார்த்தாள். "அதெல்லாம் சூளைக்குப் போவலீங்க சார்" என்றாள்.

"எது?"

"நீங்க பாக்குற பலக. நீங்க அந்தாண்ட போனதும் தொட்டியில போட்டுக் கரைச்சி மண்ணாக்கிடுவோம். உங்க பேர வச்சி கலியமூர்த்தி பலகன்னுதான் அதச் சொல்லுவோம். இந்தப் பொண்ணு பாவம். அதோட எல்லாப் பலகையையும் தூக்குறீங்க. எத்தினியத்தான் கரைக்கிறது?"

"ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவீங்களே சார்."

"நான் எப்ப கத்தினேன்!" என்று கத்தினேன். பக்கத்து ஷெட்டில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சொன்னதும் ஒப்புக்கொள்ள நான் என்ன ஏமாளியா? மதிவதனியின் பலகை ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். ஆறு கப்பைக் காதைப் பிடித்துத் தூக்கி, அடையாளத்துக்கு அடியில் ஆணியால் லேசாகக் கீறி வைத்தேன். மற்ற ஆறைத் தொடவில்லை. பலகை அன்றைக்கே சூளைக்குப் போனது.

சனிக்கிழமை காலை சூளை திறந்தார்கள். நான் தொடாத ஆறும் சுண்டினால் கணீர் என்றன. நான் கீறியதில் ஐந்து விரிசல். ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவமானமாக இருந்தது. தினம் அறுபது கப்பு, பதினோரு வருடம். ஒருத்தி செய்த வேலையை நான் கெடுத்துவிட்டு, அவள் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறேன். மீட்டிங்கில் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது.

படிவத்தை எடுத்தேன். விரிசலுக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நிரந்தரமாக்கலாமா என்பதற்கு, ஆம். நான் மாற்றிக்கொள்ள வேண்டியவை என்ற கட்டம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினேன்.

பூர்ணிமா இரண்டு தடவை படித்தார். "அண்ணே, காரணத்துல உங்க பேரு இருக்கு."

"தெரியும் மேடம்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு பேர் முன்னாலும் வழக்கம்போல ஆறு பலகை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மதிவதனியின் பலகையில் ஒரு காது லேசாகச் சாய்ந்திருந்தது.

"இது கோணலா இருக்குது" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஆமாங்க சார்" என்று நிமிர்த்தி வைத்தாள்.

வாசல் வரை போய், திரும்பிப் பார்க்காமல் நின்றேன். தொட்டியில் தொப் தொப்பென்று கேட்கும் என்று காத்திருந்தேன். பதினோரு வருடப் பழக்கம், ஒரே நாளில் என்னை நம்பிவிடுவார்களா என்ன?

சத்தம் வரவில்லை. வீராயியின் குரல்தான் கேட்டது.

"கலியமூர்த்தி பலகையையும் சூளைக்கு ஏத்துங்கடி."