ராசித் தோட்டா

கோபாபிஸ் ஊர் மாட்டு ஏலத்தில் பாரென்டை ஏமாற்றியவர் யாரும் இல்லை. ஓடுகிற மாட்டின் எடையை வேலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் துப்பாக்கிக் கடையில் ஒரு பெட்டி தோட்டா வாங்க முடியாமல் ஒன்றரை மணி நேரமாகக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவருடைய பதினொரு வயது மகள் இல்சே முதல் முறையாக ஜெம்ஸ்பொக் சுடப் போகிறாள். இருநூறு கிலோ மான், ஈட்டி மாதிரி கொம்புகள், தோளில் செருப்புக்கு அடி தைக்கலாம் போல தோல். பெரிய துப்பாக்கி உதைக்கிற உதையில் பிள்ளை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறாள். அதனால் அவளுடைய சின்னத் துப்பாக்கிதான். ஆனால் போன வருஷம் ஸ்பிரிங்பொக் என்ற சின்ன மானைச் சாய்த்த ஈயமுனைத் தோட்டா இதன் தோளெலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடும்.

சிதறினால் என்ன ஆகும் என்பது பாரென்டுக்குத் தெரியும். அவருடைய பதினொரு வயதில் அவர் சுட்ட ஈயமுனைத் தோட்டா அப்படித்தான் சிதறியது. தோள் உடைந்த ஜெம்ஸ்பொக் முள்புதரில் முதுகைக் கொடுத்து நின்று, தேடிப்போன அவருடைய நாயைக் கொம்பில் கோத்துவிட்டது. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு அப்படியொரு நாள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

கடைக்கார ரோனெல் மூன்றாவது தடவையாக அதே பெட்டியை எடுத்து வைத்தாள். முழுக்கச் செம்புக் குண்டு, உடையாது, ஆழமாகப் போகும் என்றாள்.

"அண்ணே, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதும் இப்படித்தான் நிப்பீங்களா? எடுத்துட்டுப் போங்க, நான் கடையைச் சாத்தணும்."

வாங்கினார். சாயங்காலம் பலகையில் சுட்டுப் பார்த்தார்கள். புதுத் தோட்டா மூன்று விரல்கடை கீழே போனது. தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்த பிறகு சுட்ட ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. அப்படியும் காலையில் வண்டியில் போகும்போது எங்கே குறிவைப்பாய் என்று நாலு தடவை கேட்டார்.

"முன்னங்காலுக்கு நேரா, உடம்புல மூணுல ஒரு பங்கு உயரத்துல. இன்னொரு வாட்டி கேட்டீங்க, இறங்கி நடந்து வருவேன்ப்பா."

தடம் பார்க்கும் எலிஃபாஸ் பின்னால் இருந்து சிரித்தார்.

சுடுகிறவர்தான் தோட்டா போட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். இல்சே பெட்டியை வாங்கித் தானே மூன்று போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். சிவந்த மணல்மேட்டைத் தாண்டியதும் தொண்ணூறு மீட்டர் தூரத்தில் ஒரு கிழட்டு ஜெம்ஸ்பொக் பக்கவாட்டில் நின்றது. இல்சே துப்பாக்கியை மூன்றுகால் தாங்கியில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள்.

பாரென்டின் கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்த பெட்டிக்குள் விரல் போய்க் காலி இடங்களைத் தடவியது. நேற்றுச் சுட்டவை போக இவள் எடுத்தது இரண்டுதான். இன்னொரு முறை தடவினார். இரண்டேதான்.

"மூணாவது எங்கேயிருந்து வந்துச்சும்மா?" என்றார், காற்றோடு காற்றாக.

"என் ராசித் தோட்டா. மேல அதான் இருக்கு, முதல்ல போறது."

முதல் வேட்டைக்கு எடுத்த தோட்டாப் பெட்டியில் ஒன்றைச் சுடாமல் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். போன வருஷம் அந்த ஈயமுனைத் தோட்டாவை அவள் கையில் வைத்து மூடியவர் அவரேதான்.

"வேணாம். அது உடைஞ்சிரும். என் நாய் அதாலதான் செத்துச்சு."

இல்சே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்தாள். தோட்டா துள்ளிக் கல்லில் விழுந்து கணீரென்றது. ஜெம்ஸ்பொக் தலையைத் தூக்கியது; அடுத்த நொடி அங்கே தூசிதான் இருந்தது.

எலிஃபாஸ் தோட்டாவைப் பொறுக்கி மணலை ஊதினார்.

"ராசி நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா நமக்கில்ல, மானுக்குத்தான்."

இல்சே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செம்புத் தோட்டா இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். பாரென்ட் கொடுத்தார். ஓடிய மானின் தடத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் கேட்டாள்.

"நாய் பேரு என்னப்பா?"