காற்றின் கண்

அப்பாவைக் கிடத்த இடம் வேண்டும் என்று தம்பி அட்டைப் பெட்டிகளைக் காலால் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கையால தூக்குடா. உதைக்கிறதுக்கு அது என்ன பந்தா?" என்று மூத்தவள் கத்தினாள்.

காலையிலிருந்தே அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. மருத்துவமனையில் சீட்டு எழுதும் பெண்ணை நார் நாராகக் கிழித்திருந்தாள். அப்பாவுக்கு வயிற்றில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்துவிட்டது. மூன்று மாதம் முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

"ஸ்கேனுக்கு சீட்டு குடுத்தேம்மா. நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"பொய் சொல்லாத! எங்கப்பா ஒரு துண்டுக் காகிதத்தக்கூட தொலைக்க மாட்டாரு. உன் வேலைக்கு உலை வைக்காம விடமாட்டேன்!" சொன்னதோடு நிற்காமல் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

அப்பா தொலைக்கமாட்டார்தான். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற மனுஷனுக்குப் பழைய ஆங்கிலச் சொற்கள் என்றால் உயிர். ஒரு சொல் எங்கே பிறந்தது, அதன் பழைய பொருள் என்ன என்று கிடைத்த அட்டையின் வெற்றுப் பக்கத்தில் எழுதிவைப்பார். மாத்திரை டப்பா, கல்யாணப் பத்திரிகை, எதுவும் தப்பாது. ஞாயிறுதோறும் அவற்றுக்கு எண் போட்டு எழுத்து வரிசையில் அடுக்குவது மூத்தவள் வேலை. "லேடின்னா ரொட்டிக்கு மாவு பிசையிறவளாம். உங்கம்மா காதுல விழாம பாத்துக்கோ" என்பார். இவள் சிரித்துக்கொண்டே, அட்டைகளைத் திருப்பிப் பார்க்காமல் அடுக்கிவிடுவாள்.

தம்பி தூக்கிய கடைசிப் பெட்டி அடி கழன்று, அட்டைகள் தரையெங்கும் கொட்டின. அவனைத் திட்டிக்கொண்டே பொறுக்கினாள். 'விண்டோ: காற்றின் கண்' என்று அப்பாவின் குண்டு எழுத்து. பின்பக்கம் மருத்துவமனை முத்திரை. ஸ்கேன், செவ்வாய், காலை ஒன்பது மணி. மூலையில் பென்சிலால் அவளே போட்ட எண்.

"எழுதறதுக்கு வேற அட்டையே கெடைக்கலையாப்பா உங்களுக்கு?" என்று காலிக் கட்டிலைப் பார்த்துக் கத்தினாள்.

தம்பி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அந்த சீட்டு எழுதற ஆஸ்பத்திரிக்காரி கேட்டுல நிக்கிறா. அப்பா கண்ணாடிய அங்கேயே விட்டுட்டோமாம், கொண்டாந்திருக்கா. வெரட்டிடவா?"

"நீ இரு."

முத்திரை மேலே தெரியும்படி அட்டையைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வாசலில் இறங்கினாள். அவள் வருவதைப் பார்த்து அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள்.